சிவப்புப் பொட்டு ஒட்டிய வரைபடம்

ஜெராக்ஸ் மெஷின் அந்த மனுவை நான்காவது தடவை வெளியே தள்ளியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இருபது காப்பி கேட்டிருந்தார்கள். முதல் மூன்றையும் பார்க்காமலே அடுக்கிவிட்டேன். நான்காவதில் ஒரு வரி கண்ணில் பட்டது. "எங்கள் தெருவில் திருட்டுச் சம்பவங்கள் மிகவும் அதிகரித்துள்ளன." அவ்வளவுதான். எங்கே என்று இல்லை. என்றைக்கு என்று இல்லை. என்ன போனது என்றும் இல்லை. எதைவிட அதிகம் என்று ஒரு அதிகாரி திருப்பிக் கேட்டால் என்ன சொல்வார்கள்? நான் பி.எஸ்சி. புவியியல் படித்தவள். மூன்று வருஷம் ஆற்றையும் மண்ணையும் மழையையும் தாளில் போட்டுப் பழகியவள். ஒரு தெருவைப் போட முடியாதா என்று தோன்றியது. தோன்றியதும் வாய் சும்மா இருக்கவில்லை.

மனுவைக் கொண்டுவந்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஓய்வு பெற்றவர், எதையும் ஃபைலில் போட்டு வைத்துக்கொள்பவர். ஒரு வாரத்துக்கு முன்னால் அவர் தெருவில் பால் வாங்கப் போன ஒரு அம்மாவின் கழுத்துச் செயினைப் பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதிலிருந்து கிளம்பிய மனு இது.

"சார், இதுகூட ஒரு மேப் வெச்சா இன்னா?"

"மேப்பா? இன்னாத்துக்கும்மா?"

"எந்த வூட்டாண்ட இன்னா போச்சு, எத்தினி மணிக்குப் போச்சுன்னு குறிச்சிடலாம் சார். பாத்தவுடனே தெரியும். எங்க லைட்டு வேணும், எங்க கேமரா வேணும்னு அவங்களே சொல்லிடுவாங்க."

அவர் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "நீ செய்வியா?"

"ஒரே வாரம் சார்."

"வூடு எந்தப் பக்கம்?"

"உங்க தெருவுக்குப் பின்னாடிதான் சார்."

அது பொய்யில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டேன். மீதியை அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அன்றைக்கே என்னைத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்.

ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. ஜவ்வாது மலை இறங்கி முடிகிற இடங்களில் ஒடுகத்தூரைப் போல நான்கைந்து சந்தை ஊர்கள் இருக்கின்றன. அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் மேலே, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடை. ஜீப் கிடைத்தால் தொங்கிக்கொண்டு போகலாம். அக்காவுக்கு முதல் பிரசவ வலி வந்த அன்றைக்கு ஜீப் கிடைத்தது. கிடைத்தும் பிரயோஜனமில்லை. நான்காவது வளைவில் குழந்தை பிறந்தது. ஆறாவது வளைவுக்குள் அது அடங்கிவிட்டது. அழவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அக்கா அதைத் துண்டில் சுற்றி மார்போடு பிடித்திருந்தாள். யார் கேட்டும் கொடுக்கவில்லை.

அதனால் இந்தத் தடவை அக்காவும் மாமாவும் நான்காம் மாசமே மலையிறங்கிவிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷ நடையில் ஒரு ரூம். "எம்புள்ள கட்டில்ல பொறக்கணும், வண்டியில வேணாம்" என்பதைத் தவிர அக்கா வேறு எதையும் கேட்கவில்லை. மாமா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினார். நான் கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து அவர்களோடே தங்கிக்கொண்டேன். மூன்று பேருக்கு ஒரு ரூம், நாலாவது ஆள் வரப்போகிறது. அந்த ரூமை நம்பித்தான் எல்லாம் இருந்தது. வலி எப்போது வந்தாலும் நடந்தே போய்விடலாம் என்று அக்கா வாரத்துக்கு இரண்டு தடவை அந்தப் பத்து நிமிஷத்தை நடந்து பார்த்துவிட்டு வருவாள்.

ரூம் இருந்தது பெரிய வீடுகளுக்குப் பின்னால். இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து. அதன் கடைசியில் ஷீட் போட்ட பதினோரு ரூம்கள் ஒரே வரிசையாக, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு குழாய். லைன் வீடு என்பார்கள். பதினொன்றில் ஏழு ரூம்களில் மலையிலிருந்து வந்தவர்கள். ஆண்கள் மண்டியில், கட்டிட வேலையில். பெண்களில் பாதிப் பேர் முன் தெரு வீடுகளில்தான் பாத்திரம் துலக்கினார்கள்.

செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, எட்டுத் தாள்களில் எடுத்து, பின்பக்கம் டேப் போட்டு ஒட்டினேன். தெரு முழுக்க ஒரே படம். ஒவ்வொரு கூரையும் தெரிந்தது. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவேன். இவ்வளவு உற்சாகம் எனக்குக் கல்லூரியில்கூட இருந்ததில்லை.

முதல் வீடு. மதிலில் பாட்டில் கண்ணாடி பதித்திருந்தது. அந்த அம்மா கேட்டைத் திறக்காமலே பேசினார்.

"எங்க வூட்ல இன்னாம்மா போவப்போவுது? ஒண்ணும் போகல. எதிர் வூட்ல கேளு, அவங்க வண்டி பேட்டரிய எவனோ கயட்டிகினு போய்ட்டான்."

எதிர் வீட்டில் கேட்டேன்.

"பேட்டரியா? யாரு சொன்னது, அவளா? அவ வூட்டு வெள்ளிக் குத்துவிளக்கு போச்சே, அத்தச் சொன்னாளா? கேளு போய்."

இப்படியே தெருவின் கடைசி வரைக்கும் போனது. தன் வீட்டில் எதுவும் போகவில்லை, அடுத்த வீட்டில் எல்லாம் போயிருக்கிறது. எழுதிக்கொள்ள நோட்டைத் திறந்தால் அதுவும் இல்லை என்பார்கள், ஐந்தாறு பேர்தான் எழுதவிட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போச்சுதாம்மா. ஒரு ஜோடி வளையல். எழுதிக்காத. பொண்ணுக்கு எடம் பாத்துகினு கீறோம். நகை போச்சுன்னு வெளிய தெரிஞ்சா ஆயிரம் கேள்வி வரும்." இன்னொருவர், ரிட்டயர் ஆன மனிதர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "திருடன் ஒரு தபாதான் வந்தான், கம்ப்ளைன்ட் குடுத்தா நாம நாலு தபா ஸ்டேஷனுக்கு நடக்கணும். வுட்டுடு."

செயினைப் பறிகொடுத்த அம்மா வீட்டுக்கும் போனேன். அவர் கேட்டுக்கு முன்னால்தான் அறுத்தார்கள் என்று தெருவுக்கே தெரியும். படத்தில் அந்த இடத்தில் பென்சிலை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"வூட்டாண்ட போடாதம்மா. பாக்கறவங்க எங்க வூடுதான்னு சொல்லிடுவாங்க. கொஞ்சம் தள்ளிப் போடு."

"எங்க ஆன்ட்டி?"

"அங்க, அந்த முனையில."

அந்த முனை எங்கள் சந்தின் வாய். பாவம், கழுத்தில் இன்னும் கட்டு இருந்தது. இரண்டு விரற்கடை தூரம்தானே என்று தள்ளிப் போட்டேன். படிக்கும்போது ஒரு மில்லிமீட்டர் விலகினால் மார்க் குறைப்பார்கள். அதெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை.

லைனில் நிலைமையே வேறு. எங்கள் மேலூர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது காணாமல் போனால் அதை மறைக்கக் கூடாது. மாடு திரும்புகிற நேரத்தில், பறிகொடுத்தவர் ஊர் நடுவில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். என்ன பொருள், எங்கே இருந்தது, கடைசியாக எப்போது பார்த்தது. மூன்று சாயங்காலம் சொல்ல வேண்டும். யார் மேல் சந்தேகம் என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. எடுத்தவர் அதைக் கோயில் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகலாம். வைத்தது யார் என்று யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. இப்படிச் சொல்வதால் போனதெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டுக் கோடாலி வரவே இல்லை. ஆனால் சொல்லாமல் இருப்பவரைத்தான் எங்கள் ஊரில் தப்பாக நினைப்பார்கள். வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் யாரையோ சந்தேகப்படுகிறான் என்று அர்த்தம்.

ஆகவே நான் குழாயடியில் நோட்டைத் திறந்ததும் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஊர் நடுவில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டார்கள்.

"எழுது பாப்பா. கோழி ரெண்டு. ஒண்ணு செவப்பு, இன்னொண்ணுக்குக் கழுத்துல மயிரு கெடயாது," என்றார் இரண்டாவது ரூம்காரர்.

"அத்த நாய் தூக்கியிருக்கும்," என்றாள் மூன்றாவது ரூம் அக்கா.

"ஆமா, நாய் கோழியத் தூக்கிட்டு கூண்டுக் கொக்கிய மாட்டிட்டுப் போச்சு. நல்லா வளத்த நாயி."

மூன்றாவது ரூம் அக்காவின் போன், ஜன்னலில் சார்ஜ் போட்டிருந்தபோது போனது. எந்தக் கிழமை, எந்த நேரம் என்று சரியாகச் சொன்னாள். ஐந்தாவது ரூமில் ஊரிலிருந்து வந்த சாமை ஒரு மூட்டை. ஒன்பதாவதில் கேஸ் ரெகுலேட்டர். அப்புறம் ஒரு பித்தளைக் குடம், ஒரு சைக்கிள், ஒரு கொடுவாள்.

"ஈரப் புடவ கொடியில இருந்து போச்சு. அதுவும் எழுதணுமா?"

"போனது எல்லாம் எழுதணும்க்கா."

மாமா படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். "எஞ்செருப்பையும் எழுது. ஒத்தச் செருப்புதான் போச்சு. எடுத்தவனும் ஒத்தக் காலனாட்டம் கீது, கண்டுபுடிக்க சுளுவு."

குழாயடி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். செருப்பையும் எழுதினேன்.

படத்தில் குறி வைக்கச் சிவப்பு ஸ்டிக்கர் வாங்கியிருந்தேன், தீர்ந்துவிட்டது. அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டேன். அளவாகவே இருந்தது. ஒரு பொருளுக்கு ஒரு பொட்டு.

"ஏண்டி, என் பொட்டெல்லாம் இந்த வூடுங்களுக்கே வெச்சிட்டியே, நான் ஆஸ்பத்திரிக்கு மொட்ட நெத்தியோட போவட்டுமா?"

"வாங்கித் தர்றேன்க்கா. நீ இங்க பாரு. தெரியுதா?"

எனக்குத் தெரிந்தது. முன் தெரு முழுக்கச் சேர்த்து ஐந்தாறு பொட்டு. லைன் வீடுகள் மேலும் சந்தின் மேலும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, கூரையே தெரியாத அளவுக்குச் சிவப்பு. எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். தெரு விளக்குக் கம்பம் சந்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. ரூம் கதவுகளின் தாழ்ப்பாள் ஒரு இழுப்புக்குத் தாங்காது. அதிகம் இழப்பவர்கள் குறைவாக வைத்திருப்பவர்கள். இதையெல்லாம் அரைப் பக்கத்தில் எழுதினேன். "முதல் விளக்கு சந்துக்குள் போடப்பட வேண்டும்" என்று முடித்து அடிக்கோடும் போட்டேன். அக்கா அந்தத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இத்த அவங்க படிப்பாங்களா?"

"படிக்காட்டி இன்னா, படம் இருக்கே. பாத்தாலே புரியும்."

அதைச் சொன்ன வாயை இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, செயலாளர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, உப்பு பிஸ்கட். முப்பது பேருக்குக் குறையாது. எங்கள் லைனின் ஓனரும் வந்திருந்தார். அவரும் அதே தெருவில்தான் இருக்கிறார், நல்ல மனிதர் என்றே நினைத்திருந்தேன். வாடகை வாங்க வரும்போது அக்காவிடம் "எத்தினியாவது மாசம்மா?" என்று விசாரிப்பார். செயலாளர் படத்தைச் சுவரில் மாட்டி, "இந்தப் பொண்ணு ஒத்தையா செஞ்சது" என்று சொன்னார். கை தட்டினார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

கைதட்டல் அடங்குவதற்குள் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். பேட்டரி போன வீட்டுக்காரர்.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன். எல்லாம் அங்கதான் கீது."

"எங்க?"

"செவப்பா கீதே, அங்க. மலைக்காரங்க லைன்ல."

நான் எழுந்தேன். "சார், அது பொருள் போன எடம் சார். திருடுனவங்க எடம் இல்ல. அவங்கதான் பறிகுடுத்திருக்காங்க."

"பறிகுடுக்கறதுக்கு அவங்ககிட்ட இன்னாம்மா கீது?" என்று ஒரு அம்மா கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது.

"கோழி, போன், சாமை மூட்ட, குடம்..."

"ஒத்தச் செருப்பு," என்று ஒருவர் படத்தோடு நான் இணைத்திருந்த பட்டியலைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். கூட்டம் சிரித்தது. குழாயடியில் சிரித்த சிரிப்பு மாதிரி இல்லை.

"செம்மரக் கட்ட வெட்டப் போறவனுங்கதானே. காட்ல கெடைக்கலன்னா வூட்ல எடுப்பானுங்க."

"செயினும் பாருங்க, சந்து முனையிலதான் போயிருக்கு. அறுத்துகினு நேரா உள்ளதான் ஓடியிருப்பான்."

செயின் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் டீ டம்ளரைப் பார்த்தார். அந்தப் பொட்டை நான்தான் தள்ளி ஒட்டினேன் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் தகவல் சேகரிப்பு முறை பற்றிப் பேச ஆரம்பித்தேன். சொல்கிறவர்கள் வீட்டில்தான் பொட்டு விழும், சொல்லாதவர்கள் வீடு வெள்ளையாகத் தெரியும், ஆகவே வெள்ளை என்றால் பத்திரம் என்று அர்த்தமில்லை. இப்படி ஏதோ. வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசினேன். ஒருவர் கொட்டாவி விட்டார்.

செயலாளர்தான் கேட்டார், அன்பாகவே. "அவங்கள்லாம் உன்கிட்ட மட்டும் எப்பிடிம்மா இவ்ளோ சொன்னாங்க? நேரம், கெழம எல்லாம் கரெக்டா இருக்கே."

"நானும் மலைதான் சார். அந்த லைன்லதான் இருக்கேன். ஏழாவது ரூம்."

சொல்லிவிட்டேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டதை, சொல்லவே கூடாத நேரத்தில் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். செயலாளர் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, மெதுவாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டார்.

"அப்ப உனக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கும்," என்றார்.

அன்று மதியமே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த அரைப் பக்கம் என்ன ஆனது என்று இதுவரை தெரியாது. படம் மட்டும் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கிறது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்று போலீஸ்காரர்கள் சந்துக்குள் வந்தார்கள். ஒருவர் கையில் போன், போனில் என் வரைபடம். பொட்டு வைத்த ரூம்களாகப் பார்த்து ஆதார் கேட்டார்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாவது ரூம் கோழிக்காரர், ஐந்தாவது ரூம்காரர், சைக்கிள் போன பையனின் அப்பா, மாமா. நான் படியில் நின்று "சார், அந்த மேப்ப நான்தான் போட்டேன், அதுக்கு அர்த்தம் வேற சார்" என்று சொன்னேன். அவர், "நல்லா போட்டிருக்கம்மா, வேலைக்கு அப்ளை பண்ணு" என்றார். கிண்டலா நிஜமா, இன்றைக்கும் புரியவில்லை.

அடிக்கவில்லை. ரேகை எடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். மதியம் மூன்று மணிக்கு விட்டுவிட்டார்கள். திரும்பி வந்த கோழிக்காரர் குழாயில் கை கழுவிக்கொண்டே இருந்தார். மை போகவில்லை. என்னைப் பார்த்து, "பாப்பா, நாய் மேலயே எழுதியிருக்கலாம்" என்றார். அதற்கும் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. மண்டியில் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பதை அக்காவிடம் சொல்லாமல், காலையில் வழக்கம்போலக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டு வந்தார். மூன்று நாள் இப்படி. நாலாவது நாள் அக்கா ஆஸ்பத்திரிக்கு நடந்தபோது அவரை அங்கே பார்த்துவிட்டாள்.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கால் வீக்கத்துக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "போனதச் சொன்னது தப்பாடி?"

"தப்பில்லக்கா."

"அப்ப இன்னா தப்பு?"

என்னிடம் பதில் இருந்தது, பெரிய பதில். புள்ளிவிவரம், பாரபட்சம், எல்லாம். ஆனாலும், "நாந்தான்க்கா," என்றேன்.

"நீ ஒரு ஆளா? சும்மா கெட," என்றாள். அவள் சமாதானம் சொல்கிற விதம் அது.

கேமரா வந்தது. தெரு முனையில், பைக் வந்த வழியில் வைப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் சந்துக்கு எதிரே, சந்தைப் பார்த்து வைத்தார்கள். பெண்கள் குழாயடியில் குளிக்க முடியாமல் போனது. விளக்கும் வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லையாம். நான் அடிக்கோடு போட்டுக் கேட்டது அப்படித்தான் நிறைவேறியது.

மூன்று வாரம் கழித்து மூன்றாவது ரூம் அக்கா பாத்திரம் துலக்கப் போன வீட்டிலிருந்து லட்டு கொண்டுவந்தாள். செயின் அம்மா கொடுத்தது. பைக்கில் வந்த இரண்டு பேரும் எங்கேயோ தூரத்து ஊரில் மாட்டிக்கொண்டார்கள். மலைக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. செயின் திரும்பக் கிடைத்துவிட்டது.

"நம்மள ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"உப்பு கம்மியா போட்டு ஊறுகா செய்யறது எப்பிடின்னு கேட்டாங்க."

அந்த லட்டை யாரும் தொடவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. சாப்பிட்டோம். முந்திரி போட்டு நன்றாகத்தான் இருந்தது. கேமரா இன்னும் அதே பக்கம்தான் பார்க்கிறது.

போன வாரம் ஓனர் வந்தார். உட்காரவில்லை. அக்காவிடம் எத்தனையாவது மாசம் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினார். சங்கத்தில் நெருக்குகிறார்கள், தான் தனியாக என்ன செய்ய முடியும், மலைக்காரர்கள் ஏழு ரூமும் மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மாமா, "அண்ணா, இவளுக்கு அடுத்த மாசம் தேதி. அது முடிஞ்சதும் நாங்களே போய்டறோம்" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். ஓனர், "உங்கள மட்டும் வுட்டா மத்தவங்க கேப்பாங்க" என்றார். ஏதோ எல்லாருக்கும் ஒரே நியாயம் செய்கிற மாதிரி.

மற்ற ஆறு ரூம்காரர்களில் நாலு பேர் மேலே போய்விட்டார்கள். அவர்களுக்கு மலை இருக்கிறது, விதைக்கக் கொல்லை இருக்கிறது. எங்களுக்கும் இருக்கிறது. அக்காதான் மாட்டேன் என்கிறாள். நாலாவது வளைவை எட்டு மாச வயிற்றோடு கடக்க மாட்டாளாம், மேலேயும் சரி, கீழேயும் சரி. ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்த்தேன். தேதி நெருங்கட்டும், இப்போதே கட்டில் கொடுக்க முடியாது என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, வராண்டாவிலேயே பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள்.

இதுவரை பத்து வீடுகளில் கேட்டுவிட்டேன். முதல் மூன்றில் ஊரைக் கேட்டபோது மழுப்பினேன். ஆதாரைப் பார்த்ததும், "சொந்தக்காரங்க வர்றாங்கம்மா, மறந்தே போச்சு" என்றார்கள். அடுத்த நான்கில் நான் மட்டும் தங்குவதாகச் சொன்னேன். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குத் தனியாகக் கொடுப்பதில்லையாம், பாதுகாப்பு இல்லையாம். ஒரு வீட்டில் சம்மதித்தே விட்டார்கள். சாவியைக் கையில் வாங்கும்போது அந்த வீட்டுக்காரர், "நீதானே மேப் போட்ட பொண்ணு?" என்றார். கடைசி இரண்டைப் பற்றி எழுதவே பிடிக்கவில்லை.

வரைபடம் போடுகிற ஆசை இன்னும் போகவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வீடு இல்லை என்று சொன்ன கதவுகளை வைத்து ஒன்று போடலாம் என்று நேற்றுக்கூடக் கை துறுதுறுத்தது. தாளை எடுத்தேன். அக்கா பார்த்த பார்வையில் கீழே வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியின் பின் வாசலுக்கு எதிரே ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு என்று இன்று காலை பலகை மாட்டியிருக்கிறார்கள். கீழே ஒரு டெய்லர் கடை. வீட்டுக்கார அம்மாதான் தைக்கிறார். ரோட்டைத் தாண்டினால் பிரசவ வார்டு. நாளைக்குப் பத்து மணிக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். அவர் கேட்பதற்கு முன்னாலேயே, வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகத் திட்டம். மலைதான், மேப் போட்டவளும் நான்தான், மாமாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள், இவளுக்கு எட்டு மாசம், ஒரு மாசத்துக்கு இடம் வேண்டும். அக்காவுக்கு இதில் சம்மதமில்லை. "நீ வாயத் தெறக்காத, நான் பேசிக்கறேன்" என்கிறாள். என்ன பேசுவாய் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். யார் முதலில் பேசுவது என்று இன்னும் முடிவாகவில்லை. மாமா மட்டும், மாடிப்படி எத்தனை என்று எண்ணிவிட்டு வரச் சாயங்காலமே போயிருக்கிறார்.